மைக் செட்டுக்காரன் மருமகள்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம், பேச ஆள் இருந்தாப் போதும். தூத்துக்குடி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். கலெக்டர் ஆபீசுக்கு. ஐயோ, கேஸு கீஸு ஒண்ணும் இல்ல, நல்ல காரியம். சந்தோசத்துல காலையில ரெண்டு தடவ குளிச்சேன்னாப் பாத்துக்கோங்களேன். மொதத் தடவ குளிச்சது மறந்துபோச்சு.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெட்டைச் சடை ஒண்ணு ஆடுது பாருங்க, அதான் வெயிலு. முழுப்பேரு வெயிலுகந்தம்மாள். என் தங்கச்சி மக. எனக்கு மருமக. மூணாப்புப் படிக்கா. கூட இருக்கிறது பொன்ராணி. பக்கத்து வீடு. கடலைமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் போடுதா. எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஆகாதுன்னா, வெட்டுக்குத்து இல்ல. நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்லுவா, அவ்வளவுதான். கதைக்கு அவ வேணும், அதனால முன்கூட்டிச் சொல்லி வைக்கேன்.

நம்ம பேரு கொம்பையா. கோவில்பட்டியில கொம்பையா சவுண்ட் சர்வீஸ்னு கேட்டாச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம கொழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். எல்லாக் கட்சிக்கும் கட்டுவேன். காலையில ஒரு கட்சி, சாயங்காலம் அவுகள வையிற கட்சி. கொழாய்க்கு என்ன மானம் ரோசம்?

வெயிலோட அப்பன் லாரி டிரைவர். ஆந்திராப் பக்கம் வண்டி கவுந்து போய்ச் சேந்துட்டான். மறு வருசமே என் தங்கச்சிக்கு மஞ்சக்காமாலை. பெரியாஸ்பத்திரியில என் கையப் பிடிச்சு, "அண்ணே, வெயிலு"ன்னா. சரின்னேன். அது முடிஞ்ச கதை, விடுங்க. அதச் சொன்னா அழுதுருவேன், இன்னைக்கு அழுற நாள் இல்ல.

அன்னையிலருந்து அவளும் நானுந்தான். சமையல் நான்தான். என் புளிக்கொழம்புன்னா எங்க வளவு வீடுகள்ல பேரு போனது. பேரு போனதுன்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அதுக்குப் பெறகு வாரேன்.

மைக் செட்டுத் தொழில் இருக்கே, அது வெயிலுக்காலத் தொழில். மழை விழுந்துட்டா எங்க வயித்துல ஈரத்துணிதான். போன மழைக்காலம் ரொம்ப மோசம். ஒருநா இந்தப் பொன்ராணி வாசல்ல வந்து நின்னா. "ஏய்யா மைக் செட்டு"ங்கா. கொம்பையான்னு ஒருநாளும் வாயில வராது. "ஏய்யா மைக் செட்டு, அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைய ஹோமுக்கு அனுப்பாம வீட்லயே வச்சு வளத்தா கவர்மென்ட்டு மாசாமாசம் உதவித்தொகை குடுக்காம். எங்க கம்பெனியில ஒருத்தி பேத்திக்கு வாங்குதா. நீரும் எழுதிப் போடும்."

எனக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. "என் மருமகளுக்கு எவன் காசும் வேண்டாம். தாய்மாமன் நான் கல்லு மாதிரி இருக்கேன்"னேன்.

"கல்லு மாதிரிதான் இருக்கீரு. அது ஒண்ணும் உம்ம காசு இல்ல, அவ காசு. அவ காச வேண்டாம்னு சொல்ல நீரு யாரு?"

வாயடைச்சுட்டா. என் வாய அடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல அண்ணாச்சி, ஒங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும்.

பெறகு அலைச்சல்தான். இ-சேவை, விஏஓ, தாலுகா ஆபீசு, திரும்ப இ-சேவை. தங்கச்சி இறந்த சான்று, மாப்பிள்ளை இறந்த சான்று, வருமானச் சான்று. எல்லாத்துக்கும் பொன்ராணி கூடவே வந்தா. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்தா. நான் கூப்பிடல. நான் போயி எங்கயாவது சண்டை போட்டுருவேன்னு அவளுக்கு ஒரு நெனப்பு. அதே மாதிரிச் சண்டையும் வந்துட்டு.

எங்கன்னு கேளுங்க. ஒரு கிளார்க்கு, "ஆதரவற்ற குழந்தை, அப்படின்னு வரும், கீழ கையெழுத்துப் போடுங்க"ங்காரு. எப்பிடி இருக்கும் எனக்கு? "சார், ஆறடி ஆளு முன்னால நிக்கேன். இவளுக்கு ஆதரவில்லன்னு நானே கையெழுத்துப் போடணுமா? நீங்க ஆதரவுள்ள குழந்தைன்னு மாத்துங்க, போடுதேன்"னேன். "அப்ப உதவித்தொகை கிடையாது"ங்காரு. "வேண்டாம்யா ஒங்க தொகை"ன்னு நான் கத்த, அங்க இருந்த அத்தன பேரும் எந்திரிச்சிட்டாக. நமக்குச் சும்மா பேசினாலே மைக் வச்ச மாதிரித்தான் இருக்கும். பொன்ராணி என் சட்டையப் பிடிச்சு இழுத்து, பேனாவக் கையில திணிச்சா. "கையெழுத்தப் போட்டுட்டு வீட்ல போயி ஆதரவா இரும்"னா. கிளார்க்கு சிரிச்சிட்டாரு. போட்டேன். வேற வழி?

பெறகு கொஞ்ச நாள் சத்தமே இல்ல. மழை விட்டு, தை மாசி போயி, எங்க தெரு அம்மன் கோயிலுக்குப் பங்குனிக் கொடை வந்துட்டு. தெரு பூரா நம்ம கொழாய்தான். கோயில்ல கரண்டு சரியில்லன்னு ஆம்பிளிஃபயர், மைக்கு எல்லாம் நம்ம வீட்டு முன்னறையிலதான் வச்சிருந்தேன். அந்த நேரம் பாத்து போன் வருது. "பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸ்லருந்து ஹெப்சிபா பேசுறேன். நாளை மறுநாள் வீடு பாக்க வர்றோம்."

வீடு பாக்கவா! மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பாத்தாலே வீட்ட ரெண்டு தடவ கூட்டுவோம். இது கவர்மென்ட்டு.

வளவே கூடிட்டு. ஒரு முத்தத்தச் சுத்தி ஏழெட்டு வீடு, ஒரு வீட்ல தும்முனா அடுத்த வீட்ல நூறாயுசுன்னு சொல்லுவாக, அப்பிடிப்பட்ட எடம். டீக்கடை சப்பாணியண்ணன் சொன்னாரு: "ஏலே கொம்பையா, வீடு வசதியா இருந்தா ஒனக்கெதுக்கு உதவின்னு போயிருவாக. டிவியத் தூக்கு. பிரிட்ஜத் தூக்கு. ஃபேனக் கழட்டு. பிள்ளைக்குக் கிழிஞ்ச கவுனு போடு." பொன்ராணி சொன்னா: "வீடு குப்பையா இருந்தா, பிள்ளை வளக்க இவன் லாயக்கில்லன்னு போயிருவாக. சுண்ணாம்பு அடி. சன்னலுக்குத் துணி போடு. படிக்க ஒரு மேசை வை."

ரெண்டும் நாயமாத்தானே இருக்கு? நான் ரெண்டு பேர்ட்டயும் சரின்னுட்டேன்.

அதுல வந்த வெனையப் பாருங்க. முன்வாசல் வழியாச் சப்பாணியண்ணன் ஆளுக டிவியத் தூக்கிட்டுப் போறாக. அதே வாசல் வழியாப் பொன்ராணி ஆளுக மேசையத் தூக்கிட்டு வாறாக. நடுவுல முட்டிக்கிட்டு நிக்காக. இவுக சுண்ணாம்பு அடிக்காக, அவுக வந்து "ரொம்ப வெள்ளையா இருக்கு, கொஞ்சம் அழுக்காக்கு"ங்காக. பிரிட்ஜு எங்க வீட்லருந்து எதுத்த வீட்டுக்குப் போயி, அவுக வீட்ல எடமில்லாம திரும்பி வந்து, மேல ஒரு சேலையப் போத்தி மூலையில நிறுத்தி வச்சோம். பாத்தா யாரோ முக்காடு போட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. எங்கருந்தோ ஒரு பூமி உருண்டை கொண்டாந்து மேசையில வச்சாக. வெயிலு அதச் சுத்தி விட்டுக்கிட்டே இருந்தா. "கோவில்பட்டி எங்க மாமா"ன்னு கேட்டா. நான் தேடுதேன் தேடுதேன், அந்த உருண்டையில கோவில்பட்டியே இல்ல அண்ணாச்சி! என்ன உருண்டையோ.

வெயிலுக்கு நான் பதில் சொல்லக் கத்துக் குடுத்தேன். "கஷ்டமா இருக்கு மேடம், ஆனா சந்தோசமா இருக்கோம் மேடம்." இதான் பாடம். அவ மைக்க எடுத்து வச்சுச் சொல்லிப் பழகுதா. கட்சிக்காரன் பேசுத மாதிரி, "கஷ்டமா இருக்கு, மேடம்! ஆனா... சந்தோசமா இருக்கோம், மேடம்!"னு கைய ஆட்டிக்கிட்டு. மைக்கு அவளுக்குச் சோத்துக் கை மாதிரி. சிவப்பு லைட்டு எரிஞ்சா மைக் உயிரோட இருக்கு, அணைஞ்சா இல்ல, எந்தத் திருகு எதுக்குன்னு என்னவிட அவளுக்கு நல்லாத் தெரியும். கொஞ்ச நேரத்துல பொன்ராணி வந்து, "அவ என்ன கிளியா? நெசத்தச் சொல்லட்டும், விடும்"னா. எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு சொன்னேம்லா.

அந்த மேடம் வந்தாக. ஸ்கூட்டியில, தலைக்கவசம் போட்டுக்கிட்டு. சின்ன வயசு. நான் எதிர்பாத்தது கண்ணாடி போட்ட பெரியம்மா. பரவாயில்ல, சுளுவா முடிஞ்சிரும்னு நெனச்சேன். டீ வேண்டாம்னாக, கலர் சோடா வேண்டாம்னாக, தண்ணி மட்டும் குடிச்சாக. வீட்டச் சுத்திப் பாத்தாக. சேலை போத்துன பிரிட்ஜக் கொஞ்ச நேரம் பாத்தாக. அது அந்த நேரம்னு பாத்து, 'கர்ர்'னு ஓட ஆரம்பிச்சிட்டு.

"அது என்ன?"

"பிரிட்ஜு மேடம். குளிருக்குப் போத்தியிருக்கோம்"னேன்.

ஏன் சிரிக்கீங்க? பதட்டத்துல வந்துட்டு.

அவுகளும் லேசாச் சிரிச்சாக. நல்லாப் போகுதுன்னு நெனச்சேன். கேள்வியா கேட்டாக, நான் பொளந்து கட்டுனேன். என் தொழில், என் பேரு, எந்தெந்தக் கொடைக்கு எத்தன கொழாய், எல்லாம் சொன்னேன். அவுக மணியப் பாத்துப் பாத்துக் கேட்டாக, அவ்வளவு ஆர்வம்.

"ராத்திரிக் கொடைக்குப் போனா பிள்ளை எங்க படுக்கும்?"ன்னாக.

இதுல நமக்கு நல்ல பேரு வாங்கணும்னு, "தனியா விட்டுட்டுப் போகவே மாட்டேன் மேடம். கையோட கூட்டிட்டுப் போயிருவேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ரெண்டச் சேத்துப் போட்டு, மேல பெட்ஷீட்ட விரிச்சா, என்னமாத் தூங்கும் தெரியுமா? பாட்டு ஓடினாத்தான் தூக்கமே வரும்"னேன்.

எழுதிக்கிட்டிருந்த கை நின்னுட்டு.

"வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

"நானும் வெயிலுந்தான் மேடம்."

அவுக பேனாவ மூடி வச்சாக. கோவமா எல்லாம் பேசல. தன்மையாத்தான் சொன்னாக. "பாருங்க கொம்பையா. உங்க பாசத்த நான் குறை சொல்லல. ஆனா பொண்ணு வளருது. இன்னும் ரெண்டு மூணு வருசத்துல அவளுக்கு ஒரு பொம்பளத் துணை வேணும். திருவிழா திருவிழாவா ஸ்பீக்கர் மேல தூங்க வைக்க முடியாது. உதவித்தொகைய விட, நல்ல ஹோம்ல சேக்கறது பிள்ளைக்கு நல்லதோன்னு யோசிக்கறேன். குழந்தைகள் நலக் கமிட்டிக்கு நான் உள்ளத உள்ளபடி எழுதணும்."

அண்ணாச்சி, உதவி கேக்கப் போயி பிள்ளையவே குடுத்துட்டு வரணுமா? அந்தக் கிளார்க்குட்ட "வேண்டாம்யா ஒங்க தொகை"ன்னு கத்துனேனே, அப்பவே ஓடி வந்திருக்கணும்னு தோணிச்சு. தங்கச்சி ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தது அப்பிடியே கண்ணு முன்னால வந்துட்டு.

"பிள்ளைகிட்டத் தனியாப் பேசணும். நீங்க வெளிய இருங்க"ன்னாக. வந்துட்டேன். சப்பாணியண்ணன் கடைக்கு முன்னால நின்னேன். அவரு டீயக் குடுத்தாரு, குடிக்கத் தோணல. வளவு பூரா அங்கதான் நின்னுச்சு. பொன்ராணி எனக்குப் பக்கத்துல நின்னா. "என்ன சொன்னாக?"ன்னா. சொன்னேன். அவளுக்கும் மூஞ்சி செத்துப்போச்சு.

அப்பத்தான் தலைக்கு மேல கொழாய் 'டக் டக்'குன்னுது.

"ஹலோ. மைக் டெஸ்ட். ஒன், டூ, த்ரீ. இப்பிடித்தான் மேடம் நான் விளையாடுவேன்." வெயிலு சத்தம்! தெரு பூரா, பிள்ளையார் கோயில் முக்கு வரைக்கும்!

"சரிம்மா, அத வச்சிட்டு வா, உக்காரு." இது மேடம்.

வச்சா. 'தொம்'னு சத்தம் கேட்டுச்சு. அணைக்கத்தான் இல்ல. பாவம், சின்னப் பிள்ளை, மறந்துட்டா. அந்த மேடத்துக்கு எப்பிடித் தெரியும்? முன்னறையில இருக்கிறவுகளுக்குக் கொழாய்ச் சத்தம் தெருவுல எங்கயோ கத்துத மாதிரித்தான இருக்கும். அதுலயும் கொடை நேரம்.

நான் ஓடப் பாத்தேன், அணைக்க. பொன்ராணி என் கையப் பிடிச்சிட்டா. "நில்லும்"னா. நல்லா இறுக்கி, நகம் பதிய. ஒரு வாரம் தடம் இருந்துச்சு எனக்கு.

"மாமா உன்ன அடிப்பாரா?" கொழாய் கேக்குது.

"அடிக்கும்."

தெருவே நின்னுட்டு அண்ணாச்சி. சைக்கிள்ல போனவன் காலக் கீழ ஊணிட்டான். சப்பாணியண்ணன் ஆத்துன டீ அந்தரத்துல நிக்குது. நான் அவ மேல ஒரு விரலு வச்சதில்ல.

"எப்ப அடிப்பாரு?"

"கேரம் விளையாடும்போது. என் காய அடிச்சிக் குழியில போட்டுரும். நானும் அடிப்பேன். மாமா தோத்துரும்."

ஹோன்னு ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க தெரு! பொன்ராணி அப்பவும் கைய விடல.

"சாப்பாடு நல்லா இருக்குமா?"

"ராணியத்தை குடுக்கிறது நல்லா இருக்கும். மாமா வைக்கிற கொழம்ப நாய்க்கு ஊத்திருவோம். மாமாட்டச் சொல்லிராதீங்க, சடைச்சிக்கிடும். நாயும் எப்பவாவதுதான் குடிக்கும்."

கேட்டீங்களா! நாயும் எப்பவாவதுதான் குடிக்குமாம்! அத்தன பேரு முன்னாடி! எம்புட்டுப் புளி, எம்புட்டு நல்லெண்ணெய்! தெருவுல சிரிச்ச சிரிப்பு இருக்கே. பொன்ராணி தலையக் குனிஞ்சிக்கிட்டா, தோள் மட்டும் குலுங்குது. எனக்குத் தெரியாம இத்தன வருசமா என் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கா. இதத்தான் சொல்லுதேன், எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு.

பெறகு மேடம் கேட்டாக. சத்தம் கொஞ்சம் தணிஞ்சிருந்துச்சு. "வெயிலு, ஒரு எடம் இருக்கு. நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு, உன் வயசுப் பிள்ளைங்க நெறைய இருப்பாங்க. அங்க போறியா?"

"மாமாவும் வரலாமா?"

"இல்லம்மா. பொம்பளப் பிள்ளைங்க மட்டும்."

கொழாயில ஒரு எரைச்சல் வரும், பேச்சில்லாதப்ப, 'ங்ங்ங்'னு. அது மட்டும் கேக்குது. பெறகு வெயிலு கேக்குதா, "அப்ப மாமாவ யாரு பாத்துக்கிடுவா?"

யாரும் சிரிக்கல.

"மாமாவுக்குச் சட்டை பித்தான் மாட்டத் தெரியாது மேடம், மேல கீழ மாட்டிரும். அம்மா போட்டாவப் பாத்தா அழும். நான் போயித் தலையத் தடவுனாத்தான் நிறுத்தும். ராத்திரிக் கொடையில தூங்கிரும், நாந்தான் முழிச்சிருந்து பாட்டு மாத்துவேன். நான் போயிட்டா பாட்டு நின்னுரும்."

"மாமாவுக்கு வேற யாரும் இல்லையா?"

"ராணியத்தை இருக்கு. ஆனா அது அவுங்க வீட்ல இருக்கு."

என்னைய அவ பாத்துக்கிடுதாளாம் அண்ணாச்சி! இந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல? நான் பாத்துக்கிடுதேனா, அவ பாத்துக்கிடுதாளா? பித்தான் விசயம் மட்டும் உண்மை, அது அவசரத்துல நடக்கிறது. ராணியத்தை அவுங்க வீட்ல இருக்குன்னாளே, அதுவும் சரிதான். எல்லாரும் அவுக அவுக வீட்லதான இருப்பாக?

ஆனா தெருவே திரும்பிப் பொன்ராணியப் பாத்துச்சு. ஏன் பாத்துச்சுன்னு தெரியல. அவ வெடுக்குன்னு என் கைய விட்டுட்டு, விறுவிறுன்னு எங்க வீட்டுக்குள்ள போனா. கொழாயில அவ சத்தம் கேக்குது, "மேடம், மைக்கு ஆன்ல இருக்கு."

"என்னது? எவ்வளவு நேரமா?"

"மொதல்லருந்து."

'டப்'னு நின்னுட்டு.

அந்த மேடம் வெளிய வந்தாக. வாசல்ல பாத்தா ஊரே நிக்குது. அவுக மொகம் செவந்து போச்சு. கோவப்படப் போறாகன்னு நெனச்சேன். அதுக்குள்ள எதுத்த வீட்டு மாரித்தாய் அக்கா, "பிள்ளைய எங்கயும் அனுப்பாதீங்கம்மா, நாங்கள்லாம் இருக்கோம்"னு ஆரம்பிக்க, ஆளாளுக்குப் பேச, ஒரே எரைச்சல். சப்பாணியண்ணன், "டிவி இவன்துதான் மேடம், நாந்தான் ஒளிச்சு வச்சேன்"னு அழுத மாதிரிச் சொல்லுதாரு. யாரும் அதக் கேக்கவே இல்ல.

மேடம் கையக் காட்டி எல்லாரையும் நிப்பாட்டிட்டு, பொன்ராணியப் பாத்தாக. "நீங்கதான் ராணியத்தையா?"

"ஆமா மேடம்."

"இவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

"ராத்திரி இவரு வெளிய போனா பிள்ளை உங்களோட படுக்குமா? வளர்ற பிள்ளை. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நீங்க நிப்பீங்களா? கேட்டா, எழுதிக் குடுப்பீங்களா?"

"நிப்பேன்." ஒரு நிமிசம் கூட யோசிக்கல அண்ணாச்சி. "எழுதியும் குடுப்பேன். எழுதிக் கேக்கலன்னாலும் நிப்பேன்."

மேடம் தலைக்கவசத்த மாட்டிக்கிட்டாக. ஸ்கூட்டிய எடுக்கும்போது என்னப் பாத்து, "கொம்பையா, உங்க பித்தான்"னாக. குனிஞ்சு பாக்கேன், மேல கீழ.

அதுலருந்து ராத்திரிக் கொடைன்னா வெயிலு பொன்ராணி வீட்லதான் படுக்கா. நான் ஒத்தையில போயி, பாட்டு மாத்த ஆளில்லாம, ரெண்டு கொடையில ஒரே பாட்டு விடிய விடிய ஓடிட்டு. சாமியாடி வந்து எழுப்புனாரு. அது கெடக்கட்டும். போன வாரம் போன் வந்துச்சு பாருங்க! மேடந்தான். "கமிட்டியில நல்லாப் பேசியிருக்கேன். பிள்ளை உங்களோடதான். மூணு பேரும் நேர்ல வாங்க, ஆர்டர் வாங்கிக்கலாம். ஒண்ணே ஒண்ணு. அந்தம்மா உங்களுக்கு என்ன முறைன்னு கேப்பாங்க. யோசிச்சு வச்சுக்கோங்க." எனக்குக் காலு தரையில பாவல. மைக்க எடுத்து ஊருக்கே சொல்லிட்டேன்.

பெறகு பொன்ராணிட்டப் போயி, "தூரத்துச் சொந்தம்னு சொல்லிருவமா?"ன்னேன். "அதிகாரிகிட்டப் பொய் சொல்லக் கூடாது"ன்னா. "அப்பப் பக்கத்து வீடுன்னே சொல்லிருவோம்." அதுக்கும் மொறச்சா. "பின்ன என்னதான் சொல்ல?"ன்னேன். "அத நீருதான் சொல்லணும்"னுட்டுக் கதவச் சாத்திட்டா. பாத்தீங்களா? சமயத்துல ஒரு ஒத்தாச கெடையாது.

இன்னைக்குக் காலையில பாத்தா, பச்சைப் பட்டு கட்டி, தலை நெறையப் பூ வச்சிக்கிட்டு வந்து நிக்கா. நான் ஒரு நல்லதுக்குத்தான் சொன்னேன், "ஏட்டி, உதவி வாங்கப் போறோம், கல்யாணத்துக்குப் போற மாதிரி வாரியே"ன்னு. அதுலருந்து பேச்சில்ல. விறுவிறுன்னு போயி முன்னால உக்காந்துட்டா.

அண்ணாச்சி? ஏன் இப்பிடிச் சிரிக்கீங்க? பொறை ஏறிரப் போகுது. தண்ணி இருக்கா? மெதுவா, மெதுவா.

என்ன கேட்டீங்க? அவளுக்கா? கல்யாணமாச்சு. அவன் வேற ஒருத்தியோட போயிட்டான். கோர்ட்டுல தீத்து விட்டு எம்புட்டோ வருசமாச்சு. நானா? நான் ஒத்தைதான். யாரு பொண்ணு குடுக்கா மைக் செட்டுக்காரனுக்கு? அதுக்கும் இதுக்கும் என்ன...

இருங்க.

இருங்க அண்ணாச்சி, கொஞ்சம் பேசாம இருங்க.

'அத நீருதான் சொல்லணும்'னா... அதா? அதத்தான் சொன்னாளா?

எட்டயபுரம் தாண்டுனதுலருந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வாரா. இந்த ஆளு ஊர்க்கதை பேசிட்டு வாரானேன்னு கோவத்துல பாக்கான்னுல்ல நெனச்சேன். அங்க பாருங்க, இந்த வெயிலுக் கழுத வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதா. அவளுக்குத் தெரியும் போல. ஊருக்கே தெரியும் போல. எனக்கு மட்டுந்தான் கொழாயில சொன்னாலும் கேக்காது போல.

அது மூணு பேரு சீட்டு, பாத்தீங்களா? அவளுக்குப் பக்கத்துல பைய வச்சு எடம் போட்டிருக்கா. கூட்டமா ஏறும்போது ஒரு கிழவி உக்காரப் போச்சு, "ஆளு வருது"ன்னு சொல்லிட்டா. எந்த ஆளு வருதுன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஆயிரம் பேரு முன்னால மைக்கப் பிடிச்சிருக்கேன், இப்பிடி இருந்ததில்ல. தூத்துக்குடிக்கு இன்னும் எம்புட்டு நேரம்? குறுக்குச்சாலை ஸ்டாப்பு போயிட்டா? அப்பச் சீக்கிரம் வந்துருமே. பித்தான் சரியா இருக்கா பாருங்க. நல்லாப் பாருங்க. சரி, போறேன். போயி மொதல்ல என்ன சொல்ல? வேண்டாம், வேண்டாம், நீங்க சொல்லாதீங்க, அத நாந்தான் சொல்லணும்.

அண்ணாச்சி, ஒங்ககிட்டச் சீப்பு இருக்கா?